பரிகாரம் கேட்டேன், மாரியம்மன் தந்தாள்

தாயின் பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தீபாவளி சீசன் நேரம். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் என் வீட்டுக்காரர் முருகேசன் வேலை பார்த்த அறை காலையிலேயே வெடித்தது. கூட இருந்த செல்வி அங்கேயே கருகிப்போனாள். இவருக்குக் கழுத்திலிருந்து இடுப்பு வரை தோல் உரிந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது அவர் அலறிய அலறலை என் எதிரிகூடக் கேட்கக் கூடாது.

இவர் வெடிமருந்துத் தட்டைத் தரையில் உரச இழுத்ததுதான் காரணம் என்று போர்மேன் கருப்பையா சொல்லிவிட்டார். இவரும் நம்பிவிட்டார். "அந்தப் பிள்ளைய நாந்தேன் கொன்னுட்டேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பியவர், கஞ்சிக்கும் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை. இப்படியே போனால் உயிர் தங்காது என்றார் டாக்டர்.

வேலைக்கு வரும் பெண்கள் உண்மையை என் காதில் போட்டார்கள். கலந்த வெடிமருந்து மிஞ்சினால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஆர்டர் அவசரத்தில் கருப்பையா மிச்சத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். இரவெல்லாம் சூடேறிக் கிடந்தது, இவர் கை பட்டதும் வெடித்துவிட்டது. நான் சொன்னபோது, "எம் மனசு ஆறட்டும்னு சொல்லுத" என்றார் இவர்.

கோயிலுக்கு ஓடினேன். "தாயே, இவரு வாயத் திறக்க வையி. இல்ல, அந்தாளையும் இப்படியே வேக வையி" என்று கத்தினேன். திரும்பினால் கருப்பையா நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஜோசியர் சொன்ன பரிகாரமாம்.

காலால் விளக்குகளைத் தட்டிவிட்டேன். தாம்பாளத்தால் மண்டையில் அடித்தேன். ரத்தம் கண்ணில் வழிந்தது. நான் அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய ஆளைத்தான் அடித்தேன்.

நான் காலண்டர் அச்சகத்தில் ராசிபலன் பிழை திருத்துகிறவள். பரிகாரம், பிராயச்சித்தம் இரண்டும் வடமொழிச் சொற்கள். எழுதித் தருகிறவரிடம் பொருள் கேட்டு வைத்திருந்தேன். முன்னது நீக்குவது. பின்னதைத் தவம், மன உறுதி என்று பிரித்துச் சொல்வார்களாம்.

"ஏலே, பரிகாரம்னா நீக்குறது. எத நீக்கிட்ட? எம் புருசன் நெஞ்சுல நீ வச்ச பழி அங்கனதான கெடக்கு. பிராயச்சித்தத்துக்கு உறுதி வேணும், நெய் வேண்டாம்லே."

அன்று சாயங்காலமே கருப்பையா கட்டுப்போட்ட தலையோடு வார்டுக்கு வந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "முருகேசா, மிச்ச மருந்த வச்சது நாந்தேன். செல்வி சாவு ஒம்மேல இல்ல. போலீசுலயும் போயிச் சொல்லிடுதேன்."

இவர் சுவர்ப்பக்கமிருந்து முகத்தை அவர் பக்கம் திருப்பினார். வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து என்னைப் பார்த்து, "கஞ்சி இருக்கா?" என்றார். நான் தரையில் விழுந்து அழுதேன்.

கருப்பையா இன்று சிறையில் இருக்கிறார். அவருக்குக் கெடுதல் கேட்பதை விட்டுவிட்டேன். இவர் எழுந்து நடக்கிறார், சாப்பிடுகிறார். எல்லாம் அவள் போட்ட பிச்சை. கும்பிட மனசு வரவில்லையா? சண்டை போடவாவது அவளிடம் போங்கள். வெறுங்கையாக அனுப்ப மாட்டாள்.