டெய்லரக்காவின் பசி

டெய்லரக்கா பிறந்ததிலிருந்தே பசித்தவள். சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடு என்று நினைத்துவிட வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று அவள் மனம் கேட்க ஆரம்பித்துவிடும். தையல் இயந்திரத்தில் குனிந்து காலர் வைத்துக்கொண்டிருப்பாள்; பின்னால் அலமாரியில் பிஸ்கட் டப்பா இருப்பது முதுகுக்குத் தெரியும். வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் எல்லாம் பாதித் தட்டிலேயே வயிறு நிறைந்து எழுந்திருக்கிறவர்கள். காது கேட்கிறவன் செவிடனைப் பார்த்து, கொஞ்சம் முயற்சி செய்தால் கேட்கும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அது.

அவளுடைய கடை என்பது தம்பி வீட்டின் முன்னறை. ஜன்னலோரம் இயந்திரம், சுவரை ஒட்டி வெட்டு மேசை, கதவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. புதுத்துணி தைக்க வருகிறவர்கள் குறைந்துபோய், கடையில் வாங்கிய உடுப்பை உடம்புக்குத் தக்கபடி பிடிக்கவும் பிரித்து விடவும் வருகிறவர்களே அதிகம். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், என்னைச் சுற்றி வர டேப் நீளம் போதவில்லை என்பாள். தானே சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. மற்றவர்களும் சொல்லத்தான் செய்தார்கள்.

தம்பி சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். வாயாடி. நாற்பதைத் தொடுவதற்குள் இரண்டு சிறுநீரகமும் அவனைக் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போனவுடன் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் மறுபடி பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீரை எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு அந்த வித்தியாசம்தான் சாட்சி. அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவன் மனைவி, "எவ்வளவு இறங்குச்சு?" என்று கேட்பாள். நன்றாக இறங்கியிருந்தால் அன்றைக்கு வீட்டில் மூன்று பேருக்கும் மூச்சு வரும். இறங்காவிட்டால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். வருடக்கணக்காக அந்த வீட்டில் எடை இறங்குவது என்றால் நல்ல செய்தி.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றால் அவன் கை ஒத்துழைக்கவில்லை. ஊசி குத்துகிற ரத்தக்குழாய் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டது. ஒன்று போக இன்னொன்றைத் தயார் செய்தார்கள். இனிமேல் தயார் செய்ய அதிகம் இல்லை, சிறுநீரகம் வைத்தால்தான் ஆள் தேறுவான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மனைவி கொடுக்க முன்வந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. மிஞ்சியது அக்கா. சோதித்துப் பார்த்ததில் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் இந்த எடையில் அவளைக் கத்திக்குக் கீழே படுக்க வைக்க முடியாது, இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அதற்காகத்தான் வாரத்துக்கு ஒன்று என்று பசியை அடக்குகிற ஊசியை எழுதிக் கொடுத்தார்கள்.

ஊசி போட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் டெய்லரக்காவுக்குள் ஒரு சத்தம் நின்றுபோனது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மதியம் தாண்டியும் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டப்பா வெறும் டப்பாவாக இருந்தது. மற்ற ஜனங்கள் எல்லாம் இப்படித்தான் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்களா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எடை இறங்கியது. தன் உடுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பார்த்தாள். பார்த்த தம்பி, யார் வீட்டு அம்மா நீங்க, உள்ள எங்கக்கா இருப்பா, கூப்பிடட்டுமா என்றான்.

சொன்ன எடைக்கு வந்ததும் டாக்டரம்மா ஊசியை நிறுத்தினார். ஒரு சிறுநீரகத்தோடு காலம் முழுக்க வாழப்போகிறவள், உடம்பு பழையபடி ஏறினால் மிச்சமிருப்பதற்கும் ஆபத்து. ஆகவே ஊசி இல்லாமலும் எடை நிற்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சை என்றார். சிரமமாக இருந்தால் உடனே வந்து சொல்லுங்கள், ஒளிக்காதீர்கள் என்றும் சொன்னார். டெய்லரக்கா தலையாட்டினாள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி என்ன என்று அப்போது உண்மையாகவே நம்பினாள்.

முதல் சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு காலையில் தையலுக்கு நடுவில் பிஸ்கட் டப்பாவின் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் அது டப்பாவோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூக்கு சொன்னது. இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த பசி வட்டியும் முதலுமாகக் கேட்டது. அவள் சும்மா இருக்கவில்லை. வேகவைத்த காய், ஒரு முட்டை, காலையும் மாலையும் நடை என்று சொன்னது அத்தனையும் செய்தாள். சாப்பிட்டு எழுந்தால் சாப்பிடவே இல்லை என்றது உடம்பு. முள் மெல்ல ஏறத் தொடங்கியது. மாதாமாதம் போய் நின்ற எடையில் இன்னும் டாக்டரம்மா போட்ட கோட்டுக்கு உள்ளேதான் இருந்தாள். ஆனால் கோடு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

தம்பி மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் தட்டைப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. பள்ளி அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டு வந்து, புருஷன் கையில் ஊசி குத்துகிற குழாய் துடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பவள். அவளுக்கு, அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனாரின் தட்டில் விழுகிற ஒவ்வொரு கரண்டியும் தன் தாலியில் விழுவது போல இருந்தது. பிஸ்கட் டப்பா மறைந்தது. ரொட்டி அவளுடைய கைப்பையோடு அலுவலகத்துக்குப் போய் வந்தது. தம்பி மட்டும் விளையாட்டை விடவில்லை. "அவ சாப்பிடக் கூடாது, நான் தண்ணி குடிக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வர்றவன் குடுத்து வச்சவன்" என்பான். சிரிக்க ஆளில்லாமல் அவனே சிரித்துக்கொள்வான்.

ஒரு விடுமுறை நாளில் தம்பி மனைவி எல்லோருடைய துணிக்கும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணியின் சட்டையை உள்பக்கம் திருப்பியவள் கை அப்படியே நின்றது. இரண்டு பக்கத் தையலுக்கும் உள்ளே, பிடித்த துணி அத்தனையும் வெட்டாமல் மடித்து, இழை பிரியாதபடி ஓரம் அடித்து வைத்திருந்தது. அடுத்ததை எடுத்தாள், அதிலும் அப்படியே.

"இதை ஏன் அண்ணி வெட்டல?"

எந்த டெய்லரும் வெட்ட மாட்டார்கள், பிடித்தால் துணியை உள்ளே விட்டுத்தான் பிடிப்போம் என்றாள் டெய்லரக்கா. அது அவள் கைக்குப் படிந்த வழக்கம். யார் துணியானாலும் கத்தரிக்கோல் அந்தப் பக்கம் போகாது. உடம்பு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்?

"அது ஊரார் துணிக்கு. இது உங்க துணி. திரும்பவும் பழையபடி ஆவோம்னு தெரிஞ்சுதானே விட்டு வச்சிருக்கீங்க? அப்ப குடுக்கற எண்ணமே உங்களுக்கு இல்ல."

இல்லையம்மா என்று சொல்ல டெய்லரக்காவுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் தைக்கும்போது அப்படி ஒரு நினைப்பு மூலையில் எங்கேயாவது இருந்ததா என்று அவளுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. தன்னையே நம்பாதவள் எப்படி அடுத்தவளுக்குச் சத்தியம் செய்து கொடுப்பாள்? கத்தரிக்கோலை எடுத்தாள். ஒவ்வொரு உடுப்பாகத் திருப்பி, உள்ளே இருந்த துணியைத் தையலை ஒட்டி வெட்டிப் போட்டாள். தம்பி மனைவி நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் மனம் வந்தது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உடுப்பே எடைமுள்ளாகிவிட்டது. தோள்பட்டை இழுத்தது, பொத்தானுக்கு நடுவில் துணி வாய் பிளந்தது. முன்பு டெய்லரக்காவின் வயிற்றில் பசி மட்டும்தான் இருந்தது. இப்போது பயமும் குடிவந்தது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளம்பினாள். சொன்னால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும்; தள்ளிப்போனால் தம்பியின் கை தாங்காது. அதோடு, பார்த்தீர்களா நான் சொன்னேனே என்று வீட்டில் ஒரு பார்வை வரும். இரண்டு முறையும் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் வேறு எந்த வீட்டிலும் யாரும் செய்திருக்க முடியாத தப்பை அவள் செய்தாள். எடை என்பது பாதிக்குப் பாதி தண்ணீர் என்று அந்த வீட்டுக்குத் தெரியும். தண்ணீரை இறக்கினால் எடை இறங்கும், எடை இறங்கினால் நல்லது. தம்பியின் மருந்துப் பெட்டியில், அவனுக்குக் கொஞ்சநஞ்சமாவது நீர் பிரியட்டும் என்று கொடுத்த மாத்திரை இருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் கடைசியாக எடை பார்க்கிற நாளுக்கு முந்திய சில நாளில் அதிலிருந்து எடுத்து விழுங்க ஆரம்பித்தாள். ஓடி ஓடிக் கழிவறைக்குப் போனாள். கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் நிறுத்தினாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. இயந்திரத்தை மிதிக்கும்போது கண் இருண்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள், எல்லாம் அவனுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு மிதித்தாள்.

அன்று தம்பிதான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எடை பார்க்கும் மேடையில் அவள் ஏறினாள். முள் கோட்டுக்கு உள்ளே நின்றது, தாராளமாகவே நின்றது. நர்ஸ் சிரித்தாள். தம்பி அங்கேயே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் கேட்டது என்றான். டெய்லரக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழக்கம்போல ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் டாக்டரம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். சிறுநீரகம் அடிபட்டிருப்பதாக ரத்தம் சொல்கிறது, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். வேறு மாத்திரை ஏதாவது எடுத்தீர்களா என்றார். அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். "அது என் மாத்திரைக்கா."

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும், அது உங்கள் குற்றம் இல்லை, பலருக்கும் அப்படித்தான் என்றார். வந்து சொல்லியிருந்தால் ஊசியை மறுபடி ஆரம்பித்திருக்கலாம், வேறு வழி யோசித்திருக்கலாம், அதற்காகத்தானே ஒளிக்காதீர்கள் என்று சொன்னேன் என்றார். அடிபட்ட சிறுநீரகம் தண்ணீரும் ஓய்வும் கிடைத்தால் தேறிவிடும். ஆனால் அவளிடமிருந்து இனி எடுக்க மாட்டார்கள்.

"பயத்துல உங்க சிறுநீரகத்தையே காயப்படுத்திக்கிட்டீங்க. நாளைக்கு ஒண்ணோட இருக்கும்போது இப்படிச் செஞ்சா? அந்தப் பொறுப்ப நாங்க எடுக்க முடியாதும்மா."

டெய்லரக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட ரெண்டு இருக்கே. ஒண்ணுதானே அவனுக்கு வேணும். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லன்னு எழுதித் தர்றேன்." அதையே இரண்டு மூன்று விதமாகச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார், முடிவு மாறவில்லை. அவளுக்கு நரம்பில் தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தண்ணீர் ஏறி முடிந்த பிறகு தம்பி அவளைக் கைத்தாங்கலாகக் கீழே காண்டீனுக்குக் கூட்டி வந்தான். அவளை மூலை மேசையில் உட்கார வைத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தான். ரத்தத்தில் ஏதோ பொருத்தம் மாறிவிட்டதாம், அதனால் முடியாது என்கிறார்களாம், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை என்றான். கூசாமல் சொன்னான். அதன் பிறகு உள்ளே போய் ரொட்டியும் முட்டையும் உருளைக்கிழங்கும் ஒரே தட்டில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

"சாப்பிடுக்கா. இனிமே உன் தட்ட யாரும் பாக்க மாட்டாங்க."

வேண்டாம் என்று தட்டைத் தள்ளத்தான் நினைத்தாள். இந்த ஒரு நாளாவது பசிக்காமல் இருக்கக் கூடாதா என்று தன் உடம்பைச் சபித்தாள். உடம்புக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. எதிரில் தம்பி உட்கார்ந்திருந்தான். டயாலிசிஸ் ஊசி குத்திக் கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, முகத்தில் எப்போதும்போல ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு, அவள் சாப்பிடட்டும் என்று காத்திருந்தான். அவனைக் கொன்றுவிட்டேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கை ரொட்டியைப் பிய்த்தது. கண்ணீர் கன்னத்தில் ஓட ஓட மென்றாள். சூடாக, உப்பும் எண்ணெயும் சரியாகச் சேர்ந்து, எத்தனையோ மாதமாகச் சாப்பிடாத ருசியில் இருந்தது சாப்பாடு. அந்த ருசியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தட்டு காலியானதைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு ரொட்டி சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டான் தம்பி. அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.