பதினொரு நாள் மத்திய அரசு

ஒன்பதாவது வயதில் நான் பதினொரு நாள் மத்திய அரசாக இருந்தேன். அதற்குப் பிறகு எந்தப் பதவிக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பதினொரு நாள் நிர்வாகத்தைக் கண்டவர்கள் இனிமேலும் கூப்பிட மாட்டார்கள்.

நீர்வேலியில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே காணிக்குள் இருந்தன. அம்மாவின் தகப்பன் அதை நடுவால் பிரித்து இரண்டு மகள்களுக்கும் சீதனமாக எழுதியிருந்தார். றோட்டுப் பக்கத் துண்டு பெரியம்மாவுக்கு, ஒழுங்கைப் பக்கத் துண்டு அம்மாவுக்கு. கிணறு பெரியம்மாவின் பக்கம், ஆனால் பங்கு இரண்டு பேருக்கும். குண்டு போடுகிற பொம்பர் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு பதுங்குகுழி எங்கள் பக்கம் வெட்டப்பட்டது, ஏனென்றால் பெரியம்மாவின் பக்கத்தில் மூன்றடியிலேயே கல் மறித்தது. ஆக, தண்ணீர் அங்கே, உயிர் இங்கே. நடுவில் பனையோலை வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அதைப் பொட்டு என்போம். அந்தப் பொட்டால் குடம் போனது, குழம்பு வந்தது, பொம்பர் இரைந்தால் பெரியம்மா குடும்பம் முழுவதும் வந்தது.

அந்த வருடம் வேலி அடைக்கும்போது, தழைக்கிற வேலிக்கம்பான கதியால் ஒன்று ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டதென்று அப்பா சொன்னார். நகரவில்லை என்றார் பெரியப்பா. நாட்டுப் பிரச்சினைக்குச் சமஷ்டிதான் தீர்வென்று இருபது வருடமாக ஒரே குரலில் கதைத்த மனிதர்கள் இவர்கள். எல்லைகள் எங்கே வரவேண்டும், எந்த அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு சொல் பிசகாது. ஒரு சாணில் பிசகிவிட்டது. மறுநாள் அப்பா பொட்டையும் சேர்த்து இறுக்கி அடைத்தார். இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றித் தண்ணீருக்குப் போனார். பெரியம்மாவுக்கு முழங்கால் வாதம். அந்தச் சுற்று அவருக்கு ஏலாது.

பெரியம்மாவின் மகள், எங்கள் அக்கா, உயர்தரப் பரீட்சைக்கு அரசறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். சமஷ்டி அரசின் அதிகாரங்கள் என்ற பாடம் அவள் தலைக்குள் போக மறுத்தது. ஆட்களை வைத்து நடத்திப் பார்த்தால் போகும் என்று நினைத்தாள். பெரியவர்களின் கோபம் எங்களைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் ஆறு வயதுத் தங்கச்சியும் சுற்றிப் போய் அவளுடைய மாமரத்தின் கீழ் இருந்துவிடுவோம்.

"ரெண்டு வீடும் ரெண்டு மாநிலம். எங்கடைக்கு நான் முதலமைச்சர், உங்கடைக்குத் தங்கச்சி."

"அப்ப நான்?"

"நீ மத்திய அரசு."

"ஏன் நான்?"

"உனக்குத்தானே சொந்தமா ஒரு வேலையும் இல்லை."

பெருமையில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

அக்கா கொப்பியில் மத்தி, மாநிலம், பொது என்று மூன்று நிரல் எழுதினாள். பதுங்குகுழி என்றால் பாதுகாப்பு, அது மத்திக்கு. வானொலியும் எனக்கே. மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால்தான் டைனமோவில் வானொலி பேசும். அதிகாரமும் என்னுடையது, சுற்றுகிற கையும் என்னுடையது. சமையல், கோழி வளர்ப்பு, பிள்ளைகளுக்கு அடிப்பது ஆகியவை மாநிலங்களுக்கு. கிணறு பொது நிரலில்.

மூன்றாம் நாளே நெருக்கடி வந்தது. தங்கச்சியின் கோழி பதுங்குகுழிக்குள் முட்டையிட்டுவிட்டது. கோழி மாநிலத்துக்கு, குழி மத்திக்கு, முட்டை யாருக்கு? நீதிமன்றம் அமைக்க மறந்திருந்தோம். ஆகவே முட்டையை நான் உடைத்துக் குடித்துவிட்டேன். தங்கச்சி அம்மாவிடம் முறையிட, அம்மா மாநில நிரலிலுள்ள கடைசி அதிகாரத்தை என் முதுகில் பயன்படுத்தினார்.

எட்டாம் நாள் தங்கச்சி கேட்டாள்: "பொட்டு ஆற்றை அதிகாரம்?"

அக்கா கொப்பியைப் புரட்டினாள். மூன்று நிரலிலும் இல்லை.

"எழுதாமல் விட்ட அதிகாரம் சில நாட்டிலை மத்திக்கு, சில நாட்டிலை மாநிலத்துக்கு."

"எங்கடையிலை?"

"அதை எழுத மறந்துபோனன்."

"அப்ப அது எனக்குத்தான்" என்றேன் நான்.

அக்கா கொப்பியை மூடினாள். "சரி, வைச்சிரு. ஆனா திறந்து விடு. பொம்பர் வந்தா அம்மாவாலை சுத்தி ஓடி வரேலாதடா."

என் ஆட்சிக்காலத்தில் உருப்படியான வேலையொன்றை யாரும் என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் வேலியைப் பார்த்தேன். ஓலைக்கு அப்பால் அப்பா உடுத்தியிருந்த சாரம் அசைந்தது. மத்திய அரசுக்கு அப்பாவென்றால் பயம்.

"இதை ஆராய ஒரு குழு போடுறன்" என்றேன்.

குழுவில் நானும் எங்கள் ஆட்டுக்குட்டியும் இருந்தோம். குட்டியாவது வேலியில் போய்க் கொஞ்சம் குழை கடித்தது.

பத்தாம் நாள் காலையில் இரைச்சல் கேட்டது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்க, நான் பின்னால் விழுந்தேன். அப்பா குழி வாசலில் நின்று கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தார். பெரியப்பா வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தார். பெரியம்மாவும் அக்காவும் தனியே. பொம்பர் ஒரு சுற்றுச் சுற்றியது. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா யாரையோ இழுக்கிற சத்தம்.

"சுத்தி வரச் சொல்லடா!" என்று அப்பா என்னிடம் கத்தினார். அந்த நேரத்திலும் நேரே கதைக்க அவருக்கு வாய் வரவில்லை.

நான் தலையை வெளியே நீட்டி, "சுத்தி வரட்டாம்!" என்று அறிவித்தேன்.

"அம்மாவாலை ஏலாது!" என்றது அக்காவின் குரல்.

இரண்டாவது சுற்று இன்னும் பதிந்து, தாழ வந்தது. அம்மா தங்கச்சியை அப்பாவின் கையில் திணித்துவிட்டு வெளியே ஏறினார். குசினி வாசலில் கிடந்த தேங்காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினார். பொட்டு இருந்த இடத்தில் ஒரு வெட்டு. அடுத்த வெட்டுக்கு முன்னரே அதே இடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தி முனை வெளியே வந்தது. அது பெரியம்மாவின் கத்தி. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கமாக நின்று வெட்டினார்கள். ஓலை சரிந்தது. பெரியம்மா தவண்டு வந்தார், பின்னால் கொப்பியோடு அக்கா. அப்பா விலகித் தன் இடத்தைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. குழியின் மேல் அடுக்கிய பனங்குற்றிகளுக்கு இடையிலிருந்து எல்லார் தலையிலும் மண் கொட்டியது.

பின்னேரம் அப்பா ஓலையும் கயிறுமாக வேலிக்குப் போனார். அந்தப் பக்கத்தில் பெரியப்பாவும் கயிற்றோடு வந்து நின்றார். அடைக்கிற விஷயத்தில் மட்டும் இருவருக்கும் பூரண ஒற்றுமை.

அம்மா குசினிக்குள் இருந்தபடியே சொன்னார்: "இஞ்சருங்கோ, காணி உறுதியிலை ஆற்றை பேர் கிடக்குதெண்டு பாத்திட்டு அடையுங்கோ."

"இவரும் பாக்கட்டும்" என்றது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மாவின் குரல்.

அப்பா கையிலிருந்த ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உக்கின ஓலை" என்று யாருக்கோ சொல்லிவிட்டு வந்துவிட்டார். பெரியப்பாவின் கயிறும் திடீரென்று கட்டையாகிவிட்டது.

பதினோராம் நாள் காலையில் நான் பொட்டின் நடுவே நின்று அக்காவிடம் வழக்குப் பேசினேன். என் அனுமதியில்லாமல் திறந்தது செல்லாது என்றேன்.

"உன்ரை குழு என்ன சொன்னது?" என்று அக்கா கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் பின்னால் அம்மா வந்தார். "விலத்தடா, குடம் முட்டப்போகுது."

விலத்தினேன். ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் கையிலிருந்த கொப்பியைப் பறித்து மாநில நிரலைக் காட்டினேன். 'சமையல்' என்பதற்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: அம்மா, சின்னம்மா. அவளுக்குச் சின்னம்மா என்றால் என் அம்மா.

"பார், இவை ரெண்டு பேரும் சமையலுக்குள்ளைதான் கிடக்கினம். வேலியிலை கை வைக்க ஆர் அதிகாரம் குடுத்தது?"

அக்கா வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு அழிறப்பரை எடுத்து அந்த இரண்டு பெயர்களையும் அழிக்கத் தொடங்கினாள். தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்த வெற்றியோடு பதவியைத் துறந்துவிட்டு, வானொலிக்குப் பெடல் சுற்றப் போனேன்.