துறைமுகத்தோடு முடியும் நாவல்கள்

டென்மார்க்கின் பிராண்டே நகர நூலகத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அக்கா இல்லை. அவள் இலங்கையில், போர் நெருக்கிக்கொண்டிருந்த வன்னியின் கடைசிக் கடற்கரையில் பதுங்குகுழிக்குள் இருந்தாள். கரீபியன் தீவொன்றில் பிறந்த முதிய நாவலாசிரியையின் ஆங்கிலப் பேச்சை டேனிஷில் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பா கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

அக்கா யாருடைய போனிலிருந்தோ ஒருமுறை அடித்துவிட்டு வெட்டுவாள். நாங்கள் உடனே அந்த நம்பருக்குத் திருப்பி எடுக்கவேண்டும். அவளிடம் இருந்தது என் நம்பர் மட்டும்.

“போனை நிப்பாட்டிப் போடாதை, தம்பி,” என்றாள் அம்மா.

“பெரிய மனிசி கதைக்கேக்கை மணி அடிச்சால் மரியாதையோ? நிப்பாட்டடா,” என்றார் அப்பா.

நிறுத்தினேன்.

நாவலாசிரியை பத்தொன்பது வயதில் தீவைவிட்டு வந்தவர். லண்டன் மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டே எழுதிய முதல் நாவலை ஏழு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பினவாம். ஒன்பது நாவல்களும் ஏன் துறைமுகத்தோடு முடிகின்றன என்று ஒருவர் கேட்டார்.

“கப்பல் ஏறிய பிறகு அங்கே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது,” என்றார்.

அதையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு சொல்லும் விளங்காத அப்பா உட்பட.

வெளியே வந்து, நிறுத்திய போனைத் திரும்பப் போட்டேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு மிஸ்ட் கோல்.

“எடு, எடு,” என்று அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

திருப்பி எடுத்தேன். இணைப்பு இல்லை. அடுத்த கிழமை போர் முடிந்தது. அந்த நம்பர் பிறகு ஒருநாளும் வேலை செய்யவில்லை, அக்காவும் வரவில்லை. அவள் அடித்ததற்கும் நான் திருப்பி எடுத்ததற்கும் இடையில் போனது நாற்பது நிமிடம்.