திருநீறு பூசின கை

தொண்ணூறுகளில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்கு அது நல்ல வேலைதான். ஆனால் எனக்குப் பயந்த மனசு. கதவைப் பூட்டினோமா என்று பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினவள் நான்.

அங்கே மில்லில் உழைத்து ஓய்ந்த ஒரு தாத்தா. சர்க்கரையினால் காலில் ஆறாத புண். ஆனாலும் காலையில் குளித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் எல்லாருக்கும் திருநீறு பூசிவிடுவார். படுத்த படுக்கையாகக் கிடந்த டீச்சரம்மா சர்ச்சுக்காரர். அவரும் நெற்றியைக் காட்டுவார்.

"ஒங்க சாமி கோவிச்சுக்கிடப் போறாரு டீச்சர்."

"அவருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க பூசுங்க அண்ணாச்சி."

தாத்தா காய்ச்சலில் விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தார். நர்ஸக்கா என்னைத் தனியே கூப்பிட்டது. "புண்ணுல இருக்க கிருமிக்கு வழக்கமான மருந்து எதுவும் கேக்கலையாம். தனி ரூம், தனித் துண்டு. அவர் யாரையும் தொடக் கூடாது. நீயும் கட்டு மாத்துனா சோப்புப் போட்டுக் கழுவாம அடுத்த ஆளைத் தொட்டுராத."

தாத்தாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, திருநீத்துல கிருமியா?"

"திருநீத்துல இல்ல தாத்தா. கையில."

"குளிச்சிட்டுத்தான பூசுதேன்!"

குளித்த பிறகு, புண்ணில் நனைந்துபோன கட்டுத்துணியை விரலால் இழுத்துச் சரிசெய்வார். அதே விரல்தான் திருநீற்றில் போகும். எத்தனை காலமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் நான் கஞ்சி எடுத்து வருவதற்குள் அவர் டீச்சரம்மா கட்டிலுக்கே போய்விட்டார். பூசியது போதாதென்று, விலகிக் கிடந்த போர்வையையும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டீச்சரம்மா இடுப்பில் படுக்கைப்புண். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

கொஞ்ச நாளில் அந்தப் புண்ணைச் சுற்றிச் சிவந்து, டீச்சரம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சீழைப் பஞ்சில் தொட்டு மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதே கிருமி என்றால் அந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தாத்தா அறையை விட்டு வரவேயில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிடுவார். ஒருவேளை என் கைதான் கொண்டுபோயிற்றோ என்று நான் கழுவிக் கழுவித் தோல் வெடித்துவிட்டது. வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டவும் பயம். "வெடிப்புலயும்தாம்ட்டி கிருமி தங்கும், எண்ணெயத் தடவு" என்று நர்ஸக்கா வைதது. அதற்கும் பயந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. இங்கிலீஷ். நான் நர்ஸக்கா முகத்தைத்தான் படித்தேன்.

"அது இல்லட்டி! இது வேற. சாதா மாத்திரைக்கே அடங்கிரும்."

தாத்தா அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும், "நல்லா இருப்ப தாயி" என்று என் தலையைத் தொடக் கையைத் தூக்கினார்.

நான் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டேன்.

தூக்கின கை அப்படியே நின்றது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"சரித்தான். அங்கயே நில்லு," என்றார். "டீச்சருக்கு இன்னைக்கு யாரு பூசுனது?"

"யாரும் பூசல தாத்தா."

"கைய நல்லாக் கழுவிட்டு நீ பூசிவிடு. போ."