பழைய டிரைவர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்கள் நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? இது நடந்தது பட்டப்பகலில், மூன்று மணிக்கு.

என் கணவர் ஒரு கம்பெனியின் பஸ்ஸை ஓட்டினார். பாலத்தில் மோதி அவர் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. என்னோடு போன் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் மூன்று முறை எழுதிக் கொடுத்த காகிதம் மட்டும் அவர்களிடம் காணாமல் போயிருந்தது. செத்தவர் வாய் திறக்க மாட்டார் அல்லவா? எவ்வளவு வசதி!

விசாரணை லேப்டாப் வழியாக, மூன்று மணிக்கு. நான் ஆஜராகாவிட்டால் அவர்கள் சொன்னதுதான் முடிவு. என்னிடம் இருந்த ஒரே சாட்சி என் பட்டன் போன். விபத்து நடந்த 2.10க்கு நான் அவரை அழைத்தது அதில் பதிவாகியிருந்தது. பேசிய நேரம் 00.00. அவர் எடுக்கவே இல்லை.

2.41. லேப்டாப்பைத் திறந்தேன். முந்தின இரவு அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே உபகாரம் செய்கிற ஜென்மம். வைஃபை இருந்த சுவடே இல்லை.

கொழுந்தனை அழைத்தேன். கம்ப்யூட்டர் கடையில் வேலை. எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் வைத்திருப்பான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணி."

"மூணு தடவை பண்ணியாச்சு, மேதாவி."

"அப்ப புது டிரைவர் சரியில்ல. பழைய டிரைவரைத் திரும்ப வரவைக்கணும்..."

சட்டென்று நிறுத்தினான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"அது... வைஃபையை ஓட்டற புரோகிராமுக்கு அந்தப் பேரு, அண்ணி."

"தெரியும். எந்த பட்டன்? சொல்லு."

சொன்னான். 2.58க்கு அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

2.59. வெளியே ஹாரன். பீப்... பீப்.

தெருமுனைக்கு வந்ததும் அவர் அப்படித்தான் அடிப்பார். எட்டிப் பார்த்தேன். வெயில். காலித் தெரு.

திரும்பினேன். வைஃபை வந்திருந்தது. நான்கு கோடும் முழுசாக.

பெயர்: ஏறிக்கோ.

தன் போனிலிருந்து எனக்கு நெட் கொடுக்க அவர் வைத்த பெயர். விபத்துக்குப் பிறகு அந்த போன் என் கைக்கு வரவே இல்லை. எவனோ திருடன் அதோடு இந்தத் தெருவில் நிற்கிறான் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. பயம் வரவில்லை.

விசாரணை தொடங்கியது. கம்பெனி வக்கீல் கொட்டாவியைக்கூட மறைக்கவில்லை.

"நீங்க அவருகிட்ட பேசினீங்க இல்லம்மா?"

பட்டன் போனைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். 00.00. வக்கீலின் கொட்டாவி பாதியில் நின்றது. 'போன் பேசினார்' என்ற வரியை விசாரணை அதிகாரி அப்போதே அடித்து நீக்கினார்.

பிறகு ஒரு கண்ணாடிக் கவரைத் தூக்கிக் காட்டினார். அரக்கு முத்திரை.

"உங்க வீட்டுக்காரர் போன் இதுதானே?"

இரண்டு துண்டு. பேட்டரி தனியே.

திரையின் ஓரத்தைப் பார்த்தேன்.

ஏறிக்கோ.

நான்கு கோடு.

"ஆமாம் சார்..."

3.22. விசாரணை முடிந்தது. பெயர் மறைந்தது.

பீப்... பீப்.

இந்த முறை நான் எட்டிப் பார்க்கவில்லை.

மாலை கொழுந்தன் வந்து லேப்டாப்பைக் குடைந்தான்.

"எந்த பட்டனை அமுக்கினீங்க அண்ணி?"

காட்டினேன். அது சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது.

"இது அமுங்கவே அமுங்காதே. பழைய டிரைவர் இதுல இல்லவே இல்ல அண்ணி. வைஃபை நேத்து ராத்திரியிலேர்ந்து செத்துதான் கிடக்கு."