எனக்கும் ஒரு பட்டப்பெயர்

அரூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்க நான் போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பிறவியிலிருந்தே எனக்குக் கண் தெரியாது. வேலை தற்காலிகம்தான். மேலதிகாரி வந்து வகுப்பைப் பார்த்து, ‘இந்த அம்மாளால் பிள்ளைகளை அடக்க முடியும்’ என்று சொன்னால்தான் நிரந்தரம்.

அந்தப் பள்ளியில் பட்டப்பெயர் இல்லாத டீச்சரே கிடையாது. கணக்கு டீச்சர் ‘சுண்டெலி’, தையல் டீச்சர் ‘ஊதுகுழல்’. தலைமையாசிரியைக்குக்கூட ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. என்னை எல்லாரும் ‘பாவம் டீச்சர்’ என்றார்கள். அது பட்டப்பெயரா? துக்கம் விசாரிப்பதல்லவா அது!

அடேயப்பா, என்ன அன்பு! நான் வாசலில் கால் வைத்தால் போதும், நாலு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். காது நன்றாகக் கேட்கும் எனக்கு, “டீச்சர்! படி இருக்குதுங்க! படி!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். கணக்கு டீச்சரின் மேசை இழுப்பறையில் தவளையைப் பிடித்துப் போட்டதும் இதே கழுதைகள்தான். அங்கே அலறலும் சிரிப்பும் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒரு தவளைக்குக்கூடவா எனக்குக் கொடுப்பினை இல்லை?

அதிகாரி வந்தார். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அவர் முன்வரிசைப் பெண் ஒருத்தியை எழுப்பி, “எப்பவும் இப்படித்தான் அமைதியா இருப்பீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க சார். பாவங்க எங்க டீச்சர்! அவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களே, எங்கள எப்படி அடக்குவாங்க? அதான் நாங்களே அடங்கி இருந்துக்கறோங்க.”

போட்டாளே ஒரு போடு! வெளியே வந்ததும் அதிகாரி தலைமையாசிரியையிடம், “பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. ஆனா கிளாஸை நடத்தறது அவங்கதான், இந்தம்மா இல்ல. அடுத்த மாசம் இன்னொருக்கா வந்து பார்க்கறேன். அப்பவும் இப்படித்தான்னா வேற ஆளைப் போட்டுடலாம்” என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பாடத்தில் கேள்வி கேட்டேன். ஒருத்தியும் படிக்கவில்லை. ‘பாவம் டீச்சர் திட்டவா போகிறார்’ என்ற தைரியம். வகுப்பு முழுவதையும் பெஞ்சு மேல் ஏற்றினேன். அதிகாரிக்குப் பதில் சொன்ன அதே பெண் விசும்பினாள். “உங்களுக்காகத்தானுங்களே டீச்சர் சத்தம் போடாம இருந்தோம்!”

“எனக்காகப் படிச்சிருக்கலாமில்லடி?” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் கேள்வி, தினமும் பெஞ்சு. வாசலில் ‘படி இருக்குதுங்க’ என்று கத்துவது நின்றது. கைபிடித்து இழுக்க ஆள் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இழுப்பறையைத் திறந்தேன்; சில்லென்று என்னவோ கை மேல் தாவியது. தவளை! நான் போட்ட அலறலில் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாரென்று கேட்டேன், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லாரையும் மறுபடி ஏற்றினேன். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு திட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா!

சொன்னபடி அதிகாரி வந்தார். தலைமையாசிரியையும் நானும் அவரோடு தாழ்வாரத்தில் நடந்தோம். என் வகுப்பிலிருந்து சந்தைக்கடை இரைச்சல். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். அப்போது உள்ளிருந்து ஒரு குரல்: “அடியே, கட்டெறும்பு வருதுடி! உக்காருங்கடி!” தடதடவென்று பெஞ்சுகள். அப்புறம் கப்சிப்.

அதிகாரி நின்றுவிட்டார். “யாரும்மா அது, கட்டெறும்பு?”

தலைமையாசிரியை இருமினார். நான் குள்ளம், கறுப்பு என்று சித்தி சொல்லியிருக்கிறாள். கடிப்பது எனக்கே தெரியும். கண்ணைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை.

“நாந்தானுங்க சார்” என்றேன். என் குரலில் அப்படி ஒரு பெருமை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நான் உள்ள வர வேண்டியதில்ல. நீங்க போங்கம்மா” என்று அங்கிருந்தே திரும்பிவிட்டார். என் வேலை நிலைத்தது.

உள்ளே போய், கத்தியவள் யாரென்று கேட்டேன். தயங்கித் தயங்கி ஒருத்தி, “நாந்தானுங்க டீச்சர்” என்று எழுந்தாள். அதிகாரியிடம் என்னைப் ‘பாவம்’ என்றாளே, அதே பெண். அவளைக் கட்டிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. பெஞ்சு மேல் ஏறச் சொன்னேன். கட்டெறும்பு என்று பெயர் வாங்கிவிட்டுக் கடிக்காமல் விடலாமா?