எதிரியும் காத்திருக்கும் விளையாட்டு

எட்மன்டனில் ஒரு காபி வாங்க ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த அளவு, எந்த வறுவல், எந்தப் பால், எத்தனை சர்க்கரை, தின்ன ஏதாவது வேண்டுமா, இங்கேயே குடிக்கவா எடுத்துப் போகவா, பெயர் என்ன. ஐந்து வருடமாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏழுக்குக் குறைந்ததில்லை, ஒருமுறை ஒன்பது வரை போயிருக்கிறது. எது நன்றாக இருக்குமோ அதைக் கொடு அம்மா என்றால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது உங்கள் இஷ்டம், சார்" என்கிறாள். இந்த நாட்டில் எல்லாமே என் இஷ்டம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்வதா வேண்டாமா என்று டாக்டரைக் கேட்டேன். அதுவும் என் இஷ்டமாம். எனக்கே தெரிந்திருந்தால் மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் இரண்டு பஸ் மாறி இவரிடம் எதற்கு வருகிறேன்? புலம்பெயர்ந்து மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். ஊரில் இருப்பவர்கள், கிழவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

வீடியோ விளையாட்டு எனக்குள் நுழைந்ததும் இந்த இஷ்டத்தின் வழியாகத்தான். முதல் குளிர்காலம். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் ஒன்பதரை மணி நேரம் வீட்டில் நான் ஒருவன். பதின்மூன்று படி இறங்கினால் கீழ்த்தளம், அங்கே மாப்பிள்ளையின் டிவியும் விளையாட்டுப் பெட்டியும். "சும்மா ஆடிப் பாருங்க மாமா" என்று அமெரிக்காவில் செய்த ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். ஏதோ ஒரு வீரனாக வேடம் பூண்டு அவன் கதையை நாமே நடத்துகிற வகை. ஆரம்பிக்கும் முன்பே நம் முகத்தை நாமே செய்துகொள்ள வேண்டுமாம். மூக்கின் அகலத்துக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று, காது மடலுக்கு ஒன்று என்று முப்பத்தெட்டு அளவுகள். இரண்டு மதியம் உட்கார்ந்து செய்தேன். முடிவில் வந்த முகம், காஞ்சிபுரத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் பத்தொன்பது வருடம் என்னோடு பேசாத தலைமையாசிரியருடையதாக இருந்தது. அதன் பிறகு அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே காடு மேடெல்லாம் அலைந்தேன்.

அலைச்சல் என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. வரைபடத்தைத் திறந்தால் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு பாக்கி வேலை. ஒன்றை முடித்தால் மூன்று முளைக்கிறது. கரண்டி, பானை, கிழிந்த செருப்பு என்று எதை வேண்டுமானாலும் பொறுக்கலாம். பொறுக்கினால் பாரம் தாங்காமல் நடக்க முடியாது. அவசரமாக எதையாவது படிக்கலாம் என்று மூக்குக்கண்ணாடியை மாற்றுவதற்குள் கரடி வந்து அடித்துவிடுகிறது. அதே கரடியிடம் இருபத்தாறு முறை செத்தேன்.

இங்கே நூலகத்தில் விளையாட்டுகளும் இரவல் தருவார்கள். முடியை வெற்றிலைப் பச்சையில் சாயமிட்ட ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னேன்: "நான் தயாராகும் வரை யாரும் என்னை அடிக்கக் கூடாது. அடித்தாலும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் அடிக்க வேண்டும்." அவள் முகம் மாறிவிட்டது. என்னைத் தனி அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் என்னை யார் அடிக்கிறார்கள் என்று கேட்டாள். கரடி என்றேன், எண்ணிக்கையும் சொன்னேன். மகள் அலுவலகத்தை விட்டு ஓடிவந்து விளக்கிச் சிரித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது. பரிகாரமாக அவளே அலமாரியிலிருந்து ஒரு ஜப்பானிய விளையாட்டை எடுத்துத் தந்தாள்.

அன்றிலிருந்து நான் ஜப்பான் கட்சி. காரணங்கள் உண்டு. அங்கே முகம் செய்துகொள்ளச் சொல்வதில்லை. பையனுக்குப் பெயர், ஊர், அம்மா எல்லாம் இருக்கிறது. சண்டை முறைவைத்து நடக்கும். நம் முறை வந்தால் எதிரி கத்தியை ஓங்கியபடியே நிற்பான், நாம் எழுந்துபோய் இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்காரும் வரை. ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு என்று எண் மேலெழும்பும். நாற்பத்தேழு அடித்தால் நாற்பத்தேழு என்று காட்டுகிறவனை நம்பலாம். இரண்டு ஊருக்கு ஒரு சத்திரம், படுத்து எழுந்தால் எல்லாருக்கும் உடம்பு சரியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழியில் ஒருவர் நம் கூட்டத்தில் சேரும்போது விளையாட்டே ஒரு கணம் நின்று, சின்னதாக ஒரு இசை வாசித்து, 'இவர் உங்களோடு சேர்ந்தார்' என்று எழுதிக் காட்டும். மேற்கத்திய விளையாட்டில் ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் போ என்றும் சொல்லிவிடலாம். சேர்ந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. குறைகளும் எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பையன் தன்னைவிட நீளமான கத்தியோடு உலகத்தைக் காப்பாற்றுகிறான். என் வயதுக்காரனுக்கு அங்கே கிணற்றடியில் நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலைதான். இருக்கட்டும், அந்தக் கிழவனிடம் யாரும் ஏழு கேள்வி கேட்பதில்லை.

போன மாசியில் ஊருக்குப் போனபோது, கையில் எடுத்துச்செல்லக்கூடிய சிறிய விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை அதில் இரண்டு வகையையும் ஏற்றித் தந்திருந்தார். ஜப்பானியதில் அறுபத்தொரு மணி நேரம் ஆடி, கடைசிச் சண்டைக்கு முந்திய கதவருகே என் கூட்டத்து நால்வரையும் நிறுத்திச் சேமித்து வைத்திருந்தேன். தம்பி ஏகாம்பரத்தோடு உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்று எண்ணம். அது சாக்கு. மனைவி இறந்த பிறகு மகளோடு கனடா வந்தவன் நான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டின் மாடி அறைக்கே திரும்பிவிடலாமா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. கேட்கக் கூச்சம். அண்ணன் நான், வீடும் அப்பா கட்டியது, ஆனாலும் தம்பி குடும்பம்தான் அங்கே இருக்கிறது. வந்துவிடு அண்ணா என்று அவன் சொல்லட்டும் என்று இருபத்தொரு நாள் காத்திருந்தேன்.

ஏகாம்பரம் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி யாளி, அன்னம், மாங்காய் எல்லாம் வரைவான். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அட்டையில் துளை குத்துவார்கள், துளைப்படிதான் தறியில் பூ விழும். நான் கொண்டுபோன ஜப்பானிய விளையாட்டும் பழைய பாணியில், சதுரம் சதுரமாகச் செய்தது. இதைவிட அவனுக்குப் பொருத்தமாக ஒன்று உலகத்தில் இருக்குமா என்று நினைத்தேன். முப்பத்தாறு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் போட்ட தப்புக் கணக்கு அது.

பெட்டியை டிவியோடு இணைத்துப் போட்டதும் எழுந்துபோய்க் கிட்டே நின்று பார்த்தான்.

"இன்னாணா இது, கட்டம் கட்டமா கீது?"

"உனக்குப் பிடிக்கும்னுதான் கொண்டாந்தேன்."

"இந்தக் குதிரைக்குப் பின்னங்கால்ல ஒரு கட்டம் கொறையுது. நெய்ஞ்சா நொண்டும்."

"அது குதிரை இல்லடா, நாய்."

"நாயின்னா மூணு கொறையுது."

அன்று கதவுக்கு வெளியே ஒரே ஒரு சில்லறைச் சண்டை நடந்தது. நாற்பது நிமிடம். தன் முறை வரும்போதெல்லாம் எதிரியின் வாலில் கட்டம் எண்ணினான். பிறகு பட்டன் பலகையை என் மடியில் வைத்துவிட்டான். "காலையில எட்டு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரிக்கும் கட்டம். டிவியிலயும் கட்டமா? ஆள வுடுணா." இன்னொன்றைப் போடச் சொன்னான். அதே காடு, அதே மலை, அதே இருநூற்றுப் பதினான்கு புள்ளி. "தோ பாரு, கட்டமே இல்ல!" என்றான். முகம் செய்யும் இடத்தில் முப்பத்தெட்டு அளவில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வந்த முகத்தோடு ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் இதேதான். ஒரு காரியத்தை முடிக்க வேண்டுமே என்ற எண்ணம் கிடையாது. ஒரு கிராமத்துக்காரன் காலில் விழுந்து, மகளைத் திருடர்கள் தூக்கிப்போய்விட்டார்கள் என்று அழுகிறான். இவன் பாட்டுக்குத் தாண்டிப் போகிறான்.

"ஏகாம்பரம், அந்தப் பொண்ணு!"

"போலீசாண்ட சொல்லட்டும்ணா. அந்த மலைக்கு அப்பால இன்னா இருக்குதுன்னு பாக்கணும்."

அவன் மனைவி சரோஜா டீ டம்ளர்களை வைத்துவிட்டு என்னிடம் முறையிட்டாள். "கேளுங்க மாமா. இருவது வருசமா ஒரு தபா திருப்பதி கூட்டினு போவல. இங்க குந்திக்கினே மலையேறினு கீறாரு."

"இங்க கூட்டம் இல்லம்மா" என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் காரணங்கள் அத்தனையையும் எடுத்து வைத்தேன். ஒழுங்கு, முறை, ஆரம்பம், முடிவு. அவன் குதிரையை ஓர் ஏரிக்கரையில் நிறுத்திவிட்டுத் திரும்பினான். "உன் ஆட்டத்துல எல்லாத்தையும் அவனே குத்தி வெச்சிட்டான்ணா. அட்ட மாரி. நீ பட்டன அமுக்குறியே, அது தறிய மிதிக்கிற கணக்கு. பூ எங்க வுழணும்னு எப்பவோ முடிஞ்சி போச்சி. அந்த வேலையத்தான் நானு அறுவத்தாறு வயசு வரிக்கும் பண்ணினு கீறேன். நீ பிளேன்ல போனவன், பனியப் பாத்தவன், உனுக்குக் கோடு போட்டுக் குடுத்தா நிம்மதியா கீது. எனுக்கு வாலாஜாபாத் தாண்டினாலே வெளியூரு." சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினான். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில் போட வேண்டிய இடத்தில் பழைய கிராஃப் தாள்களின் கட்டுகள். எண்ணினேன், பத்தொன்பது.

"மாடி ரூம்ல காத்து நல்லா வருது" என்றேன்.

"வரும்."

"கட்டு பத்தொன்பது இருக்குது."

"அதுக்குள்ள எண்ணிட்டியா?"

"எடுத்துட்டா ஒரு கட்டில் போடலாம்."

"போடலாம்." குதிரை ஒரு பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

இருபத்தொரு நாளும் வீண் என்று தெரிந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். "நான் அங்கயே இருக்கட்டுமா, இங்க வந்துடட்டுமா?"

குதிரை நின்றது. "நான் இன்னாணா சொல்றது" என்றான். "உன் இஷ்டம்."

பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்துபோய், காபிக்கடைப் பெண் தினமும் சொல்வதைச் சொந்தத் தம்பி வாயால் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பெட்டியைக் கட்டினேன். விளையாட்டுப் பெட்டியை எடுக்கவில்லை. அவன் குதிரை அதற்குள் இருந்தது, அதைப் பறித்துக்கொண்டு வர மனம் ஒப்பவில்லை. என் நால்வரும் கூடவே அங்கே தங்கிவிட்டார்கள், கடைசிக் கதவருகே.

எட்மன்டனுக்கு வந்து, நூலகத்தில் அதே ஜப்பானிய விளையாட்டை மறுபடி வாங்கி, மாப்பிள்ளையின் பெட்டியில் முதலிலிருந்து தொடங்கினேன். முதல் கிராமம், முதல் கிணறு, கையில் ஒரு மரக்கத்தி. அறுபத்தொரு மணி நேரம் ஆடியவன் எலியிடம் அடி வாங்குவதில் ஒரு கேவலம் இருக்கிறது. இங்கே வந்திறங்கிய முதல் வருடம் எனக்கு நன்றாகத் தெரிந்த கேவலம்தான் அது. மூன்று மாதமாக மெதுவாகத்தான் ஆடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில் கூப்பிட்டான். "அண்ணா, ஒண்ணு பண்ணிட்டேன். திட்டாத."

"என்ன பண்ணின?"

"உன் ஆளுங்க நாலு பேரும் கதவாண்டயே நின்னுக்கினு இருந்தானுங்களா. எத்தினி நாளிக்கித்தான் நிப்பானுங்க? பாக்க ஒரு மாரியா இருந்துச்சி. கூட்டினு வந்து சத்திரத்துல படுக்க வெச்சிட்டேன்."

அந்தக் கதவிலிருந்து சத்திரத்துக்கு வர ஒரு குகை, ஒரு சதுப்பு நிலம், ஒரு பாலம். "எத்தனை சண்டை?"

"பதினொண்ணு. கட்டத்த பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப் போச்சி."

"சேமிச்சுட்டியா?"

"பழசு மேலயே எழுதவான்னு கேட்டுச்சி. ஆமான்னு அமுக்கிட்டேன்."

ஆறு நிமிடம் திட்டினேன். யாரைக் கேட்டுத் தொட்டாய், கதவு வரை போனவர்களைத் திருப்பிக் கூட்டி வருகிறவன் உலகத்தில் உண்டா, அந்தச் சதுப்பு நிலத்தைத் தாண்ட எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று தெரியுமா என்றெல்லாம். எதிரி காத்திருப்பது போல அவன் என் முறை முடியும் வரை காத்திருந்தான். பிறகு, "எளச்சிப் போயிருந்தானுங்கணா" என்றான். "இப்ப நல்லா தூங்குறானுங்க."

நான் பேச்சை மாற்ற, "மாடியில கட்டெல்லாம் அப்படியேதான் கிடக்குதா?" என்றேன்.

"பதினாலு கீது."

"பத்தொன்பது இருந்ததே."

"அதான் எண்ணிட்டுப் போனியே. கழிச்சிப் பாத்துக்க." இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

கழித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் ஐந்து கட்டு. இதே வேகத்தில் போனால் மீதிப் பதினான்குக்கு எட்டு மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகும். இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அதேதான் வருகிறது. அவனுக்கு எதையும் சட்டென்று செய்து பழக்கமில்லை.

அதன் பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கி விளையாட்டைப் போட்டேன். பிள்ளையார்பாளையத்தில் என் நால்வர் போர்வை போர்த்திச் சத்திரத்தில் தூங்குகிறார்கள். இங்கே அதே நால்வரில் இதுவரை இரண்டு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். முதல் கிராமத்துக் கிணற்றடியில் நின்று, ஒரே வாக்கியம் சொல்லும் அந்தக் கிழவனிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.